லேப் பூட்டிக் கிடக்கிறது, என்ன செய்ய? – வாசகர் கேள்வி பதில்

அறிவியல் வகுப்பு பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொன்னதும், தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழில் படிக்கிற, படிப்பிக்கிற ஊர்களிலிருந்துதான் கடிதம் அதிகம் வந்தது. பாலக்காட்டின் கிழக்குப் பக்கம், மூணாறு, ஆந்திரத்தில் குப்பம், புத்தூர். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஊரை மட்டும் போட்டுப் பெயர்களை விட்டிருக்கிறேன். சிலர் தலைமையாசிரியரைப் பற்றி எழுதியிருக்கும் அழகைப் பார்த்தால் அதுதான் எல்லாருக்கும் நல்லது.

ஓர் ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை: தமிழ் மீடியத்தில் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன், 43 பிள்ளைகள். லேப் என்று ஓர் அறை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது, சாவி ஹெச்.எம். மேஜையில். ஒரு டெஸ்ட் டியூப் உடைந்தாலும் ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதவேண்டுமே என்று எதையும் எடுக்க விடுவதில்லை. அமிலம், காரம் பாடத்தைப் போர்டில் எழுதியே நடத்திவிடலாமா?

நடத்தலாம். பிள்ளைகளும் ‘நீல லிட்மஸ் சிவப்பாகும்’ என்று எழுதி மார்க் வாங்கிவிடுவார்கள், லிட்மஸை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காமல். வேண்டாம் டீச்சர். இந்தப் பாடத்துக்கு வேண்டிய சரக்கு முழுக்க வெற்றிலைக் கடையிலும் வேலி ஓரத்திலும் கிடைக்கிறது: கொஞ்சம் வெள்ளைச் சுண்ணாம்பு, மஞ்சள் தூள், எலுமிச்சம்பழம், ஆப்பச் சோடா, நீலச் சங்குப்பூ.

கல்யாண வீட்டில் ஆரத்தி கரைப்பதைப் பார்க்காத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்காது. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, காரத்துக்கான சோதனை அதுவேதான். அந்தச் சிவப்பில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும், ஆனால் இதை வீட்டில் யாரும் செய்து காட்டியிருக்க மாட்டார்கள், அதனால் வகுப்பே ஒரு நிமிடம் கலகலத்துவிடும். மஞ்சள் காரத்தை மட்டும்தான் காட்டிக் கொடுக்கும், அமிலத்தில் நிறம் மாறாது. இரண்டையும் காட்டச் சங்குப்பூ வேண்டும்: இதழ்களை வெந்நீரில் ஊறவைத்தால் நல்ல நீலம் இறங்கும், அதில் எலுமிச்சை விட்டால் ஊதா கலந்த இளஞ்சிவப்பு, ஆப்பச் சோடா போட்டால் நீலப்பச்சை, சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால் பச்சை.

டெஸ்ட் டியூப் இல்லையே என்றால், தின்று தீர்த்த மாத்திரை அட்டைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். பத்துக் குழி உள்ள ஓர் அட்டை ஒரு பிள்ளைக்கு. குழிக்கு இரண்டு சொட்டுச் சங்குப்பூத் தண்ணீர், அப்புறம் மோர், புளிக்கரைசல், சோப்புத் தண்ணீர், போர்வெல் தண்ணீர், பற்பசை என்று ஒவ்வொன்றாக. சொட்டு விட ஜூஸ் ஸ்ட்ராவை வெட்டிக்கொள்ளலாம். 43 பேருக்கும் கையில் ஒன்று கிடைக்கும், அதுதான் முக்கியம். நீங்கள் மேஜைமேல் செய்து காட்ட, முன் பெஞ்சு பார்க்க, பின் பெஞ்சு முன் பெஞ்சின் முதுகைப் பார்க்கிற வகுப்பு போர்டில் எழுதுவதைவிட ஒன்றும் பெரிதாக உயர்ந்ததில்லை.

அதே சுண்ணாம்பில் இன்னொன்றும் செய்யலாம். ஒரு பாட்டில் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சுண்ணாம்பைக் கலக்கி, மூடி, ராத்திரி முழுக்க அசையாமல் வைத்துவிட்டு, மேலே தெளிந்திருப்பதை மட்டும் ஊற்றி எடுங்கள். அதில் ஸ்ட்ரா வைத்து ஊதினால் பால் மாதிரி வெளுக்கும், மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் துகளாகப் பிரிவதால். விடாமல் ஊதினால் சில சமயம் திரும்பத் தெளியும், அது ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால் உங்கள் மாதச் சம்பளம் செரித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை இரண்டு. ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது. நீற்றாத கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது, தண்ணீர் பட்டால் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் ஆபத்து.

பூட்டு விஷயம்: கருவி உடைவது குற்றமில்லை, ரிஜிஸ்டரில் எழுதிக் கழிப்பதற்கு வழி இருக்கிறது. பத்து வருஷம் உடையாமல் இருக்கிற டெஸ்ட் டியூப்தான் விசாரிக்கப்பட வேண்டியது. இதை ஹெச்.எம்.மிடம் நேரே சொல்லாமல், மாத்திரை அட்டை வகுப்பு நடக்கும்போது அவரை உள்ளே வரவழைத்து ஓர் அட்டையை அவர் கையிலும் கொடுத்துப் பாருங்கள்.

ஓர் ஆசிரியர், மூணாறு எஸ்டேட் பள்ளி: சொந்தக் காசில் தெர்மாமீட்டர் வாங்கினேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, முள் 95-ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். நூறு டிகிரி என்று பாடத்தில் இருக்கும்போது பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள் சார், அவர் கொடுத்தது நல்ல சரக்கு. நூறு டிகிரி என்பது கடல் மட்டத்துக் கணக்கு. நீங்கள் இருப்பது 1500 மீட்டருக்கு மேலே. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு வரவேண்டியது 95-தான். உங்கள் வகுப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது, விட்டுவிடாதீர்கள். லயத்தில் பருப்பு வேக ஏன் நேரமாகிறது, குக்கர் ஏன் வேண்டியிருக்கிறது, போடியில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் போடிமெட்டு ஏறும்போது ஏன் உப்பிக்கொள்கிறது, எல்லாம் இதே கதை. பிள்ளைகள் யாராவது லீவுக்குப் போடிநாயக்கனூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் தெர்மாமீட்டரைக் கொடுத்தனுப்பி, பெரியவர்களை வைத்து அளந்துவரச் சொல்லுங்கள், 99-ஐ ஒட்டி வரும். இரண்டு எண்ணையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு நீங்கள் பேசாமல் உட்கார்ந்துவிடலாம்.

பாதரசம் உள்ளதை வாங்காதீர்கள், சிவப்புச் சாராயக் கரைசல் உள்ளது போதும், 110 டிகிரி வரை காட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைக் கொதிநீரில் விட்டுப் பார்க்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். கூடவே கூடாது. அதன் கணக்கே 42-ல் முடிந்துவிடும், கண்ணாடியாக இருந்தால் வெடிக்கும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன், குப்பம்: செல், காந்தம், காப்பர் ஒயர் வைத்து மோட்டார் செய்தேன் சார். காயில் சுற்றாமல் இங்கும் அங்கும் ஆடிவிட்டு நின்றுவிடுகிறது. புது செல் போட்டும் அப்படித்தான்.

தம்பி, ஆடுகிறது என்றால் கரண்ட் போகிறது, காந்தம் வேலை செய்கிறது, முக்கால்வாசி ஜெயித்துவிட்டாய். நீ ஒயரின் இரண்டு முனையையும் சுற்றிலும் சுத்தமாகச் சுரண்டியிருப்பாய், சரியா? அங்கேதான் சிக்கல்.

காயிலுக்குள் கரண்ட் எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தால், முதல் அரைச் சுற்றில் காந்தம் முன்னே தள்ளும், அடுத்த அரைச் சுற்றில் அதே விசை பின்னே இழுக்கும். அதனால்தான் அல்லாடி நிற்கிறது. பின்னே இழுக்கிற அந்த அரைச் சுற்றில் மட்டும் கரண்டை நிறுத்திவிட்டால் வந்த வேகத்திலேயே காயில் உருண்டு போய்விடும், ஊஞ்சலை ஒரு பக்கம் வரும்போது மட்டும் தள்ளிவிடுவது மாதிரி. எப்படி நிறுத்துவது? ஒரு முனையைச் சுற்றிலும் சுரண்டு. மறு முனையில் காயிலை மேஜை ஓரத்தில் நட்டுக்குத்தலாக நிறுத்திப் பிடித்து, ஒயரின் மேல் பக்கத்தை மட்டும் பிளேடால் சுரண்டு, கீழ்ப் பாதியில் எனாமல் அப்படியே இருக்கட்டும். அந்தப் பாதி, காயிலைத் தாங்குகிற ஊக்கில் படும்போது கரண்ட் போகாது. கடையில் விற்கிற மோட்டாரில் அரைச் சுற்றுக்கொரு முறை கரண்டைத் திருப்பிவிடக் கம்யூட்டேட்டர் என்று இருப்பதில் பாதி வேலையை இந்த எனாமலே செய்துவிடுகிறது.

அப்படியும் சுற்றாவிட்டால் இரண்டு முனையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கிறதா பார், பெரும்பாலும் வளைந்திருக்கும். பெரிய டார்ச் செல்லைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி எடுத்தால் காயில் அளவு சரியாக இருக்கும். ஒயருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடையில் கேள், குப்பையில் போட வைத்திருக்கிற துண்டே போதும். காந்தம் பழைய ஸ்பீக்கரில் கிடைக்கும். செல்லின் இரண்டு தலையிலும் ஊக்கைப் பிடித்துக்கொள்ள, பஞ்சர் கடையில் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி வாங்கிக்கொள். காயில் நின்றுவிட்டால் உடனே எடுத்துவிடு, செல் சுடும். மொபைல் பேட்டரியில் இதைச் செய்யாதே. வீட்டுக் கரண்ட் பக்கமே போகாதே.

அப்புறம், நீ இருக்கிற ஊரே இதற்குப் பேர்போன ஊர். கருவிகளை வேனில் ஏற்றிக்கொண்டு கிராமத்துப் பள்ளிகளுக்குப் போகிற அகஸ்தியா அறக்கட்டளையின் 172 ஏக்கர் வளாகம் குப்பத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1999-ல் தொடங்கியது. உன் பள்ளியிலிருந்து போயிருக்கிறார்களா என்று சாரிடம் கேள். போகவில்லை என்றால் ஏன் என்றும் கேள், மரியாதையாக.

ஒரு தாய், பாறசாலை: எட்டாவது படிக்கும் மகனுக்குப் பள்ளியில் புராஜெக்ட் என்றாலே தெர்மோகோல் மாடல்தான். கடையில் ரெடிமேடாகவே விற்கிறார்கள். போன முறை எரிமலை 350 ரூபாய். வாங்கித் தராவிட்டால் மார்க் போகும் என்று அழுகிறான்.

அக்கா, அந்த எரிமலையால் அறிவியல் கற்றுக்கொண்ட ஒரே ஆள் அதைச் செய்து விற்ற கடைக்காரர். அடுத்த முறை வகுப்பாசிரியரிடம் போய், “மாடல் வேண்டாம், ஒரு மாதம் அளந்த கணக்கு கொண்டுவந்தால் ஏற்பீர்களா?” என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் மறுக்க மாட்டார்கள், அவர்களுக்கும் அந்தத் தெர்மோகோலை வைக்க இடமில்லை. உங்கள் பக்கம் மழைக்குப் பஞ்சமில்லை: நேர்ச் சுவருள்ள ஒரு பாட்டிலும் ஒரு ஸ்கேலும் வைத்துத் தினமும் காலையில் அவனே மழை அளந்து நோட்டில் எழுதட்டும், அன்றைக்கு எந்தப் பக்கமிருந்து காற்று என்றும் எழுதட்டும். செலவு பூஜ்யம். மாடலுக்கு மார்க் இல்லை, அளந்ததற்குத்தான் மார்க் என்று ஒரு பள்ளி சொல்லிவிட்டால் அந்தக் கடை மறுநாளே பலூன் விற்கப் போய்விடும்.

ஓர் ஆசிரியர், பழவேற்காடு: ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும்போது பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப் போகிறோம். பார்த்துக் கைதட்டிவிட்டுத் திரும்புகிறோம். இதைப் பாடமாக்க முடியுமா?

ஆக்கலாம், கடிகாரம் ஒன்று போதும். நெருப்பு கண்ணில் படுகிற நொடியில் எண்ணத் தொடங்கி, சத்தம் வந்து சேரும்வரை எண்ணச் சொல்லுங்கள். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று விநாடி. உங்கள் கரையிலிருந்து ஏவுதளத்துக்கு நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும், அதனால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் நடுவில் நம்பிக்கை இழந்து பேச ஆரம்பிப்பார்கள், விடாதீர்கள். அந்த முதல் உறுமல் காதில் விழும்போது பி.எஸ்.எல்.வி.யாக இருந்தால் அதன் முதல் கட்டமே எரிந்து முடியும் தறுவாயில் இருக்கும், ராக்கெட்டோ எங்கோ உச்சியில். கேட்பது பழைய சத்தம் என்பது அப்போது உடம்பில் உறைக்கும்.

ஒரு விஷயம்: புறப்படும் நேரத்தை மொபைலில் ஓடும் நேரலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், அது சில விநாடி, சில சமயம் அரை நிமிடம்கூடப் பின்தங்கி வரும். கண்ணால் பார்த்த நெருப்புதான் கணக்கு. மரம் மறைத்து நெருப்புத் தெரிவது தாமதமானால் அதையும் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கழிக்கட்டும். கேரளப் பக்க வாசகர்கள் இதையே நெம்மாறை வல்லங்கி வேலைத் திருவிழா வாணவேடிக்கையில் தூரமாக நின்று செய்து பார்க்கலாம்.

ஒரு வாசகர், புத்தூர் (ஆந்திரா): கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். பணக்காரப் பிள்ளைக்கு லேப், ஏழைப் பிள்ளைக்குச் சிரட்டையும் சைக்கிள் டியூபும். இதற்குச் ‘செய்து கற்றல்’ என்று பெயர். இது அவமானம் இல்லையா?

கோபம் இல்லை, பாதி ஒத்துக்கொள்கிறேன். ‘இல்லாததை வைத்துச் செய்து காட்டிய ஆசிரியர்’ என்று ஒருவரைப் பாராட்டிப் பொன்னாடை போர்த்திவிட்டு, லேப்புக்கு வரவேண்டிய பணத்தைப் பற்றிப் பேசாமல் போகிற மேடைகளை நானும் பார்க்கிறேன். எரிச்சலாகத்தான் வருகிறது. நல்ல நுண்ணோக்கிக்குப் பதில் எதுவும் கிடையாது. தண்ணீர்ச் சொட்டை லென்ஸாக்கி எறும்பின் காலைப் பெரிதாகப் பார்க்கலாம், வெங்காயத் தோலின் செல்லுக்குள் இருப்பதைத் தெளிவாகப் பார்க்க அது போதாது. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழு 2014-ல் வெளியிட்ட காகித நுண்ணோக்கி, ஃபோல்ட்ஸ்கோப், 140 மடங்கு பெரிதாகக் காட்டும், விலையும் குறைவு. ஆனால் அதில்கூட நல்ல லென்ஸ் இருக்கிறது, குப்பையில் பொறுக்கிச் செய்தது இல்லை. பிளஸ் டூ கெமிஸ்ட்ரியை மாத்திரை அட்டையில் நடத்து என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

ஆனால் மறுபாதி இருக்கிறது. எளிய பொருளில் செய்வது ஏழைக்கென்று ஒதுக்கின விஷயமாகத் தொடங்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் பள்ளிகள் நொறுங்கிப்போன நாடுகளின் ஆசிரியர்களுக்காக 1948-ல் யுனெஸ்கோ ஒரு கையேடு போட்டது, வீட்டுச் சாமானில் கருவி செய்வது எப்படி என்று. அதிலிருந்து வளர்ந்ததுதான் அப்புறம் உலகம் முழுக்கப் போன பெரிய கையேடு. நம் நாட்டில் 1972-ல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில், பிள்ளைகளே சோதனை செய்து அறிவியல் கற்கும் ஒரு திட்டம் தொடங்கினார்கள். 1978-ல் மாவட்டம் முழுக்கப் பரவியது. எளிய பொருளில் அறிவியல் பொம்மை செய்கிற அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் இணைத்து முக்கோணமும் பிரமிடும் செய்யத் தொடங்கியது அங்கேதான். 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். எல்லாரும் அந்த வால்வு டியூபை மட்டும் நினைவு வைத்திருக்கிறார்கள். அங்கே நடந்த முக்கியமான காரியம் வேறு. பள்ளிகளுக்கு அரசே கிட் வாங்கிக் கொடுத்தது. ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். பரீட்சையையே மாற்றினார்கள்: புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், கையால் செய்து காட்டவும் வேண்டும். அந்தக் கடைசி விஷயத்தை நம் பக்கத்தில் யாரும் தொடவே பயப்படுகிறோம். 2002-ல் மாநில அரசு திட்டத்தை மூடிவிட்டது, முப்பது வருஷம் ஓடிய திட்டம்.

ஆகவே சிரட்டை வைத்துச் செய்யுங்கள், செய்துகொண்டே கிட்டுக்கும் எழுதிப் போடுங்கள். தமிழ்நாட்டில் 2022-ல் வானவில் மன்றம் தொடங்கி ஆறு முதல் எட்டு வரை அரசுப் பள்ளிகளுக்குச் சோதனைகளைக் கொண்டு போகிறார்கள். நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அது உங்களுக்கு வராது, ஆனால் அங்குள்ள தமிழ் மீடியம் பள்ளிகளுக்கும் அது மாதிரி வேண்டும் என்று உங்கள் மாநிலத்தில் மனுப் போடுவதை யாரும் தடுக்க முடியாது. கேரளத்தில் 1962 முதல் சாஸ்த்ர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் அமைப்பும், இங்கே 1980 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் இருக்கின்றன, மனுவில் கையெழுத்துப் போட ஆள் கிடைப்பார்கள்.

ஓர் ஆசிரியை, செங்கோட்டை: நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கண்டுபிடித்தார்களாமே. எங்கள் பள்ளி மைதானத்தில் முடியுமா?

உங்கள் மைதானத்தில் மட்டும் முடியாது, இன்னொரு ஊர் வேண்டும். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் 2200 வருஷத்துக்கு முன்னால் எகிப்தில் இரண்டு ஊர்களை வைத்துத்தான் செய்தார். உங்களுக்கு ஏற்ற ஜோடி குப்பம்.

செப்டம்பர் 22 அல்லது 23-ல், சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேரே இருக்கும் நாளில், ஒரு மீட்டர் குச்சியைத் தூக்குக்குண்டு வைத்து நட்டுக்குத்தலாக நிறுத்துங்கள். 12 மணியிலிருந்து 12.30 வரை இரண்டு மூன்று நிமிடத்துக்கொரு முறை நிழல் நுனியைக் குறியுங்கள், ஏனென்றால் நம் பக்கத்தில் உண்மையான நடுப்பகல் அன்று 12-ஐத் தாண்டிப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் வரும். மிகக் குட்டையான நிழல்தான் வேண்டும். உங்களுக்கு 16 செ.மீ.யை ஒட்டி வரும், குப்பத்தில் 22, 23. நிழலின் ஓரம் ஒரு செ.மீ. அளவுக்கு மங்கலாகத்தான் இருக்கும், சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால். அந்த மங்கலின் நடுவைக் குறிப்பது என்று இரண்டு பள்ளியும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

நிழலிலிருந்து கோணம்: உங்களுக்குச் சுமார் 9 டிகிரி, அவர்களுக்கு 12.8. வித்தியாசம் 3.8. இரண்டு ஊருக்கும் வடக்கு-தெற்காக வரைபடத்தில் அளந்தால் கிட்டத்தட்ட 420 கிலோமீட்டர், பஸ் தூரத்தை எடுத்துவிடாதீர்கள். 420-ஐ 360-ஆல் பெருக்கி 3.8-ஆல் வகுத்தால் 40,000-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு பள்ளி அரை செ.மீ. பிசகாக அளந்தால் விடையில் மூவாயிரம் கிலோமீட்டர் போய்விடும், போகட்டும், எங்கே போனது என்று தேடுவதற்குத்தான் மறுநாள் பீரியடே.

குப்பம் பக்கத்து ஆசிரியர்கள் யாராவது சேர விரும்பினால் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் எழுதுங்கள், இருவரையும் தொடர்பில் விடுகிறேன். மேகம் மூடினால் அடுத்த நாள் அளக்கலாம், தப்பில்லை, ஆனால் இரண்டு ஊரும் ஒரே நாளில் அளந்திருக்க வேண்டும்.